ஆறு சாயங்காலம், 27 நாடு: தேக்கா பக்கம் நடந்த ஒரு பொருளாதார வகுப்பு

முதல்லயே சொல்லிடறேன், நல்ல வகுப்பு, கொடுத்த காசு வீண் போகல, ஆனா கடைசி நாள் விஷயத்துல எனக்கு மனத்தாங்கல் இருக்கு, அதையும் மறைக்காம எழுதறேன். இடத்தோட பேரைப் போடல. சின்ன இடம், ரெண்டாவது மாடில ஒரே ஒரு ரூம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியா எம்ஆர்டில இறங்கி அஞ்சு நிமிஷ நடை, குறையும் சொல்லப்போற எடத்துல பேரு எதுக்குன்னு விட்டுட்டேன். வாரத்துக்கு ஒரு சாயங்காலம், மொத்தம் 6, ராத்திரி 7 மணிலேர்ந்து ஒம்பதரை வரைக்கும். 180 வெள்ளி. படிக்கறதுக்கு அரசாங்கம் கொடுக்கற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் போட முடியாது, கைக்காசுதான். பல நாடுங்க சேர்ந்து ஒரே வளர்ச்சித் திட்டம், ஒரே சீர்திருத்தத் திட்டம்னு போட்டா நடைமுறைல என்ன ஆகுதுன்றதுதான் விஷயம், 27 நாடு இருக்கற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 5 நாள், தென்கிழக்காசிய நாடுகளோட கூட்டமைப்பான ஆசியானுக்கு 1 நாள். முழுக்க முழுக்கத் தமிழ்ல. இந்த மாதிரி விஷயத்தைத் தமிழ்ல ஒருத்தர் நின்னு நிதானமா சொல்லி நான் கேட்டது இதான் முதல் தடவை, அதுக்கே தனியா நன்றி சொல்லணும்.

நான் ஏன் போனேன்னு சொன்னாதான் மத்தது புரியும். ஒரு மசாலா கம்பெனில ஷிப்பிங் டாக்குமெண்ட் பாக்கற வேலை எனக்கு, 14 வருஷமாச்சு. மல்லி, மிளகா எல்லாம் இந்தியாலேர்ந்து வரும், இங்க அரைச்சு கலந்து பாக்கெட் போட்டு பக்கத்து நாடுகளுக்கு அனுப்புவோம். ஆசியானுக்குள்ள போறதுக்கு ஃபார்ம் டி எடுக்கணும், அதாவது இந்தப் பொருள் இங்கதான் உருவாச்சுன்னு ஒரு சான்று, பொதுவான விதிப்படி 40 விழுக்காடு மதிப்பாவது ஆசியானுக்குள்ள சேர்ந்திருக்கணும், இல்லன்னா சுங்கக் கணக்குல மூலப்பொருளோட கோட் வேற, செஞ்ச பொருளோட கோட் வேறன்னு மாறியிருக்கணும். அது இருந்தா வரிச்சலுகை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கண்டெய்னர் போனப்ப நாங்க 0910ன்னு, அதாவது மசாலாக் கலவைன்னு போட்டிருந்தோம், எடுத்துக்கிற நாட்டு சுங்கத்துல, இதுல உப்பும் வேற சேர்மானமும் இருக்கு, 2103ல வரணும், சுவையூட்டிக் கலவைன்னு சொல்லிட்டாங்க. எங்க பொருளுக்கு ரெண்டு கோட்லயும் வரி பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல 11 நாள் கண்டெய்னர் நின்னுச்சு, ஸ்டோரேஜ் செலவு எங்க தலைல, அங்க வாங்கறவரு தினம் போன் பண்ணி திட்றாரு, நான் ரெண்டு பக்கமும் மெயில் போட்டுப் போட்டு ஓய்ஞ்சு போயிட்டேன். பத்து நாட்டுத் தலைவருங்க கையெழுத்துப் போட்டு வரியை எடுத்தாச்சு, அப்புறமும் ஏன் இப்படின்னு மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நோட்டீஸ் பாத்தேன், சேந்துட்டேன்.

எடுத்தவரு ரிட்டையர் ஆன பொருளாதார ஆய்வாளர், அறுபதைத் தாண்டினவரு, நாங்க சார்னுதான் கூப்பிட்டோம். பவர்பாயிண்ட் கிடையாது, வெள்ளைப் பலகை, நீல மார்க்கர், ஒரு கட்டு ஜெராக்ஸ், அவ்ளோதான். நாங்க 13 பேரு. துறைமுகத்துல வேலை பாத்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், பாலிடெக்னிக் படிக்கிற ரெண்டு தம்பிங்க, பேங்க்ல வேலை செய்யற அக்கா ஒருத்தங்க, டியூஷன் டீச்சர் ஒருத்தங்க, இப்படி.

முதல் நாள் லிஸ்பன். 2000ம் வருஷம் மார்ச்சுல அப்ப ஐரோப்பிய ஒன்றியத்துல இருந்த 15 நாட்டுத் தலைவருங்களும் லிஸ்பன்ல கூடி, பத்தே வருஷத்துல உலகத்துலயே போட்டித்திறன் அதிகமுள்ள, அறிவை மூலதனமா வச்ச பொருளாதாரமா ஆகணும்னு முடிவெடுத்தாங்க. 2010க்குள்ள வேலை செய்யற வயசுல உள்ளவங்கள்ல 70 விழுக்காடு பேருக்கு வேலை, பெண்கள்ல 60 விழுக்காடு. 2002ல பார்சிலோனால இன்னொண்ணு சேத்தாங்க, ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் மொத்த உற்பத்தில 3 விழுக்காடு. சார் அந்த 3ஐ பலகைல எழுதி வட்டம் போட்டுட்டு அழிக்காம விட்டாரு, ஆறு வாரமும் அது அங்கயே இருந்துச்சு, ஏன்னா 2010க்கும் அதே 3தான், அப்புறம் 2020க்கும் அதே 3தான், 2019ல கூட சுமார் 2.2லதான் நின்னுச்சு.

இதுல எனக்குப் புதுசா இருந்தது என்னன்னா, பள்ளிக்கூடம், ஓய்வூதியம், தொழிலாளர் சட்டம், வருமான வரி இதெல்லாம் அந்தந்த நாட்டோட கைலதான் இருக்கு, ப்ரஸ்ஸல்ஸ், அதாவது ஒன்றியத்தோட தலைமையகம், அதுல நேரா கை வைக்க முடியாது. நான் இத்தனை நாளா அங்க எல்லாம் மேலேர்ந்து உத்தரவு வரும்னுதான் நினைச்சிட்டிருந்தேன். உத்தரவு போட முடியாத எடத்துலதான் திறந்த ஒருங்கிணைப்பு முறைன்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, பொது இலக்கு வைப்போம், ஒவ்வொருத்தரும் உங்க வழில போங்க, வருஷா வருஷம் எல்லார் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம், பின்தங்கினவங்களுக்கு தானா உறைக்கும், இதான் கணக்கு. துறைமுக அண்ணன் உடனே கேட்டாரு, உறைக்கலன்னா? சார் சிரிச்சுட்டு அடுத்த வாரம் அதான் பாடம்ன்னாரு.

அடுத்த வாரம் அதான் நடந்துச்சு. 2003 நவம்பர்ல பிரான்ஸும் ஜெர்மனியும் பட்ஜெட் பற்றாக்குறை விதிப்படி இருக்க வேண்டிய அளவை, மொத்த உற்பத்தில 3 விழுக்காட்டைத் தாண்டினப்ப அவங்க மேல எடுக்க வேண்டிய நடவடிக்கையை நிதி அமைச்சருங்களே நிறுத்தி வச்சிட்டாங்க. பெரிய வீட்டுப் பிள்ளைங்கள யாரு கேக்கறது. அடுத்த வருஷம் நெதர்லாந்தோட முன்னாள் பிரதமர் விம் கோக் தலைமைல ஒரு குழு லிஸ்பன் திட்டத்தைப் பத்தி அறிக்கை கொடுத்துச்சு, அதுல இருந்த விஷயத்தை சார் தமிழ்ல சொன்னாரு: இலக்கு எல்லாத்தைப் பத்தியும் இருக்கறதால எதைப் பத்தியும் இல்ல, எல்லாரும் பொறுப்புன்றதால யாருமே பொறுப்பு இல்ல. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், சரிதான், ஆனா வடம் யார் யார் கைல இருக்குன்னு ஒருத்தன் எண்ணணும்ல. 2005ல திட்டத்தைக் கொறைச்சு, வளர்ச்சி, வேலை ரெண்டுல மட்டும் கவனம் வச்சு, ஒவ்வொரு நாடும் தேசிய சீர்திருத்தத் திட்டம் எழுதணும், அதுக்கு ஒரு ஆளைப் பொறுப்பா போடணும்னு மாத்தினாங்க. 2008 நெருக்கடி வந்து அதையும் புரட்டிப் போட்டுச்சு. இந்த ரெண்டாவது நாள் கொஞ்சம் இழுவைதான், ஜெராக்ஸ்ல எழுத்து ரொம்ப பொடிசு, அட்டவணைல ஒண்ணுமே தெரியல, ஏசி வேற குளிர் தாங்கல. போறவங்க ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

மூணாவது, நாலாவது நாளுக்காகவே நான் இந்த வகுப்பைச் சிபாரிசு பண்ணுவேன்.

கிரீஸ் கதைலேர்ந்து ஆரம்பிச்சாரு. 2009 அக்டோபர்ல புது அரசாங்கம் வந்து, முன்னாடி சொன்ன பற்றாக்குறை தப்பு, உண்மைல அதை விட ரொம்ப அதிகம்னு சொன்னதும் மொத்த யூரோ வட்டாரமும் ஆடிப்போச்சு. அதுலேர்ந்து கத்துக்கிட்டதுதான் 2011ல தொடங்கின ஐரோப்பிய செமஸ்டர். அதுவரைக்கும் ஒரு நாடு பட்ஜெட்டை நிறைவேத்தி செலவும் பண்ண பிறகுதான் மத்தவங்க கணக்குப் பாத்தாங்க, இனிமே பட்ஜெட் போடறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஒரே காலண்டர்ல உக்காந்து பேசணும். சார் இதை வாயால சொல்லல. மேசைய ஒண்ணா இழுத்துப் போட்டு, பழைய நாள்காட்டித் தாளைக் கிழிச்சு வரிசையா வச்சாரு. நவம்பர், பிப்ரவரி, ஏப்ரல், மே, ஜூலை. நவம்பர்ல ஐரோப்பிய ஆணையம், அதாவது ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பு, வரப்போற வருஷத்துக்கு எது முக்கியம்னு சொல்லும், பிப்ரவரில ஒவ்வொரு நாட்டையும் அலசி அறிக்கை, ஏப்ரல்ல நாடுகள் தங்களோட திட்டத்தைக் கொடுக்கணும், மே மாசம் நாடு வாரியா பரிந்துரை, ஜூலைல அமைச்சருங்க மன்றம் அதை ஏத்துக்கும், அப்புறம் 2013லேர்ந்து யூரோ நாடுங்க அக்டோபர் 15க்குள்ள வரைவு பட்ஜெட்டையும் அனுப்பணும். இப்ப மாசங்கள் கொஞ்சம் மாறியிருக்கு, 2024ல விதியையும் மாத்தி 4, 5 வருஷத்துக்கான நடுத்தரகாலத் திட்டம்னு கொண்டு வந்துட்டாங்க, ஆனா எலும்புக்கூடு அதேதான்னாரு.

அப்புறம் சீட்டு குலுக்கி ஆளுக்கு ஒரு நாடு. எனக்கு இத்தாலி. பேங்க் அக்கா ஆணையம். ஏப்ரல் தாளுக்குப் பின்னாடி நான் உக்காந்து என் திட்டத்தைப் படிக்கணும், அக்கா மே தாளுக்குப் பின்னாடி உக்காந்து பதில் சொல்லணும், நெசமான பரிந்துரைய சார் ஒரு வரில தமிழ்ல எழுதிக் கொடுத்திருந்தாரு: உழைப்பு மேல உள்ள வரிச்சுமைய கொறைங்க, பழசாப்போன நில, வீட்டு மதிப்புப் பதிவேட்டைத் திருத்துங்க (மதிப்பு ஏறினா வீட்டு வரியும் ஏறும்). சரின்னேன். காலண்டர சுத்தி அடுத்த வருஷம். திரும்ப அதே பரிந்துரை. அடுத்த வருஷம். அதே. மூணாவது சுத்துல அக்கா அதே வரிய படிக்கறப்ப எனக்கு முகம் சுருங்கிப் போச்சு, விளையாட்டுதான், ஆனாலும் பதிமூணு பேர் முன்னாடி அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்றது கஷ்டமா இருந்துச்சு. சார் கேட்டாரு, "உங்க நாட்டு ஓட்டுக்காரங்க முன்னாடி போய் வீட்டு வரிய ஏத்தப்போறேன்னு சொல்லுவீங்களாம்மா?" நான் யோசிச்சு, மாட்டேன் சார்ன்னேன். எல்லாரும் அமைதியாயிட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்துல ஒட்டுமொத்த விஷயமும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, இத்தனை பேப்பர் படிச்சாலும் அப்படிப் புரிஞ்சிருக்காது. கேக்கறவங்களுக்கு வருஷம் தவறாம கேக்க உரிமை இருக்கு, ஆனா பதில் சொல்றவங்க வேற ஆளுங்களுக்குத்தான் கட்டுப்பட்டவங்க.

அப்ப கேக்கறதுல பிரயோஜனமே இல்லையான்னு ஒரு தம்பி கேட்டான். அதுக்கு சார் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. 2010ல போட்ட ஐரோப்பா 2020 திட்டத்துல அஞ்சு இலக்கு, அதுல 30லேர்ந்து 34 வயசு உள்ளவங்கள்ல 40 விழுக்காடு பேர் உயர்கல்வி முடிச்சிருக்கணும்ன்றது எட்டியாச்சு, பள்ளிப் படிப்பைப் பாதில விடறவங்க 10 விழுக்காட்டுக்குக் கீழ வரணும், 2019ல 10ஐ ஒட்டி வந்துடுச்சு, வேலைவாய்ப்பு 75ன்னு வச்சாங்க, கோவிட்டுக்கு முன்னாடி 73 கிட்ட. 2 கோடி பேரை வறுமை அபாயத்துலேர்ந்து தூக்கணும்ன்றது எட்டாமலே நின்னுபோச்சு. எதுல எங்க நிக்கறோம்னு இவ்ளோ துல்லியமா சொல்ல முடியுதுன்னா, யாரோ ஒருத்தர் வருஷா வருஷம் எண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்ன்னாரு.

அஞ்சாவது நாள் பணம். கோவிட்டுக்கப்புறம் 2020 ஜூலைல 27 நாடும் சேர்ந்து கடன் வாங்கறதுன்னு முடிவு பண்ணாங்க, 2018 விலைக்கணக்குல 750 பில்லியன் யூரோ, அதுல பெரும்பங்கு மீட்பு மற்றும் மீள்திறன் நிதிக்கு. சும்மா கொடுக்கல. ஒவ்வொரு நாடும் இந்தத் தேதிக்குள்ள இந்தச் சட்டம், இந்த எண்ணிக்கைன்னு மைல்கல் எழுதிக் கொடுக்கணும், முடிச்சதக் காட்டினாதான் அடுத்த தவணை, கடைசிக் கெடு 2026 ஆகஸ்ட் 31. என்னோட இத்தாலிக்கு முதல்ல ஒதுக்கினது 191.5 பில்லியன், எல்லாரையும் விட அதிகம், அதுக்குப் பதிலா சிவில் வழக்கு முடியற காலத்தை 2019ஓட ஒப்பிட்டு 40 விழுக்காடு கொறைக்கறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. ஹங்கேரிக்கு நீதித்துறை, ஊழல் தடுப்பு சம்பந்தமா 27 மைல்கல், அதெல்லாம் முடிச்சாதான் கொடுக்கல் வாங்கல்னு நின்னாங்க. ஆனா அந்த வீட்டு மதிப்புப் பதிவேடு மட்டும் இந்தப் பணத் திட்டத்துக்குள்ளயும் வரல பாருங்க, அவ்ளோ பணத்துக்கும் அசையாத விஷயமும் இருக்கு. 2024 செப்டம்பர்ல இத்தாலியோட முன்னாள் பிரதமர் மாரியோ திராகி கொடுத்த அறிக்கைய பத்தியும் கொஞ்சம் பேசினாரு, வருஷத்துக்கு இன்னும் 750லேர்ந்து 800 பில்லியன் யூரோ முதலீடு வேணும்னு அவரு சொன்னதை. அன்னிக்கு ஒம்பதரைக்கு முடியல, பத்து மணிக்கு மேலயும் தேக்கா சென்டர் கீழ தே தாரிக் குடிச்சுக்கிட்டே பேசினோம், துறைமுக அண்ணன்தான் எல்லாருக்கும் காசு கொடுத்தாரு, வேணாம்ண்ணேன்னா கேக்கல.

இப்ப என் குறை. ஆறாவது நாள், ஆசியான். நாங்க வாழற எடம். நான் பொழைக்கிற பொழைப்பு. ஒரே ஒரு சாயங்காலம்!

ஆசியான் தொடங்கின 1967லேர்ந்து ஆரம்பிச்சு ஓட்டமா ஓடினாரு. சுதந்திர வர்த்தக வட்டாரம் 1992ல இங்க சிங்கப்பூர்ல நடந்த உச்சநிலை மாநாட்டுல முடிவானது, 2015 டிசம்பர் 31ல ஆசியான் பொருளாதாரச் சமூகம் வந்தது, 2025 அக்டோபர்ல திமோர் லெஸ்தே 11வது உறுப்பினரா சேந்தது. எல்லா முடிவும் கருத்திணக்கத்துல, ஒருத்தர் வேணாம்னா நகராது. ஜகார்த்தால இருக்கற செயலகத்துக்கு எல்லா நாடும் சமமா பணம் கொடுக்குது, சிங்கப்பூரும் லாவோஸும் ஒரே தொகை, அதனால கொறைஞ்ச வசதி உள்ள நாட்டால எவ்ளோ முடியுமோ அதான் எல்லாரோட அளவும். ஐரோப்பிய ஆணையம் மாதிரி சட்டம் முன்மொழியற, வழக்குப் போடற அமைப்பு கிடையாது. ஆனா நம்ம ஊர்லயே, ஆம்ரோன்னு, ஆசியானையும் சீனா, ஜப்பான், கொரியாவையும் சேத்து பொருளாதாரத்தைக் கண்காணிக்கிற ஆய்வு அலுவலகம் 2011லேர்ந்து இருக்கு, வருஷா வருஷம் ஒவ்வொரு நாட்டுக்கும் போய்ப் பேசி அறிக்கை போடறாங்க. செமஸ்டரோட சின்னத் தம்பி மாதிரி. இதைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசலாமே, ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டாரு.

நான் கைய தூக்கி என் 11 நாள் கதைய சொன்னேன். சார் மார்க்கர கீழ வச்சிட்டு முழுசா கேட்டாரு. "ரெண்டு பக்கமும் வரி பூஜ்யம், அப்படின்னா தலைவருங்க அவங்க வேலைய முடிச்சிட்டாங்க. அந்த 11 நாள் எந்தக் கணக்குலயாவது ஏறிச்சா?" ஏறலன்னேன். எங்க ஃபைல்ல மட்டும்தான் இருக்கு. அப்பதான் அவரு ரெண்டு அமைப்போட பேரை பலகைல எழுதினாரு. ஒண்ணு சால்விட், 2002லேர்ந்து ஐரோப்பால இருக்கு, அடுத்த நாட்டு அலுவலகம் பொது விதிய தப்பா நடத்தினா ஆளுங்களும் கம்பெனிங்களும் இலவசமா புகார் கொடுக்கலாம், 10 வாரத்துக்குள்ள தீர்க்கப் பாப்பாங்க. இன்னொண்ணு அசிஸ்ட், ஆசியானோடது, 2016லேர்ந்து ஆன்லைன்ல இருக்கு, ஆசியான்ல இருக்கற கம்பெனி இன்னொரு ஆசியான் நாட்டுல சிக்கல் வந்தா அதுல எழுதிப் போடலாம், காசு கிடையாது, பதில் யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனா கேள்வி அந்த நாட்டுல அதுக்குன்னு பொறுப்பா இருக்கற ஆளுகிட்ட போய்ச் சேரும்.

14 வருஷமா இந்த வேலைல இருக்கேன், ஃபார்ம் டி கண்ண மூடிக்கிட்டு போடுவேன், இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்க சரக்கை அனுப்பி வைக்கிற ஃபார்வர்டருக்கும் தெரியாது, மறுநாளே கேட்டேன். அந்த விஷயம் வகுப்போட கடைசி 15 நிமிஷத்துல, நான் கைய தூக்கினதாலதான் வந்துச்சு. தூக்கலன்னா வந்திருக்காது. அதான் எனக்கு ஆதங்கம். இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு கப்பல், பேங்க், சரக்குன்னு எல்லை தாண்டற வேலைல இருக்கறவங்க, அவங்களுக்கு இத்தாலியோட வீட்டு வரி தெரிஞ்சது சந்தோஷம்தான், அசிஸ்ட் எப்படிப் போடறதுன்னு ஒரு சாயங்காலம் லேப்டாப்ப வச்சு செஞ்சு காட்டியிருந்தா இன்னும் எவ்ளோ நல்லாருந்திருக்கும். வகுப்பு முடிஞ்சு இதை சார்கிட்டயே சொன்னேன், கோவப்படல, "அடுத்த தடவைக்கு உங்க ஃபைல கொண்டு வாங்கம்மா, அதையே பாடமா வைக்கலாம்"ன்னாரு.

யாருக்கு ஒத்து வரும்னு கேட்டா, பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்களுக்கு நேரா உதவாது, சான்றிதழ் எதுவும் கிடையாது. ஏற்றுமதி இறக்குமதி, பேங்க், அரசாங்க வேலைல இருக்கறவங்க தாராளமா போகலாம், செய்தில ஆசியான் மாநாடுன்னு கைகோத்து நிக்கற படத்தைப் பாத்து அப்புறம் என்ன நடக்குதுன்னு யோசிச்சவங்க யாரா இருந்தாலும் போகலாம். பொருளாதாரம் முன்னாடி படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. ஜெராக்ஸ பெருசா போடச் சொல்லுங்க, எல்லாரும் சொன்னா மாத்துவாங்க. ஆறுக்கு நாலரை நட்சத்திரம், கொறைச்ச ஒண்ணரையும் ஆறாவது நாளுக்குத்தான்.

கடைசில கொடுத்த தாள்ல ஆசியானுக்கு மூணு சாயங்காலம் ஒதுக்குங்க, திரும்பவும் 180 வெள்ளி கட்டி வரேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த 11 நாள் ஃபைலை ஆபிஸ் ராக்லேர்ந்து எடுத்து, தேதி வாரியா மெயிலெல்லாம் பிரிண்ட் போட்டு, தனியா ஒரு நீலக் கவர்ல வச்சிட்டேன்.